மரியா ஷரபோவாவும் களிமண் தரையும்: கால்கள் திருந்திய ஏழு ஆண்டுகள்

டென்னிஸில் முன்னேற ஃபுட்வொர்க் முக்கியம் என்று சொல்லாத கோச் கிடையாது. ஆனால் அதை நிரூபித்துக் காட்டுவது கஷ்டம். ஓர் ஆட்டக்காரர் வளரும்போது செர்வ், ஃபோர்ஹேண்ட், உடல் வலு, அனுபவம் எல்லாம் சேர்ந்தே வளர்கின்றன. அதில் கால்களின் பங்கு எவ்வளவு என்று தனியாக எடுத்துப் பார்க்க முடிவதில்லை. அப்படி எடுத்துப் பார்க்க இடம் கொடுக்கும் அபூர்வமான ஆட்டக்காரர் ரஷ்யாவின் மரியா ஷரபோவா. 2007-க்கும் 2014-க்கும் இடையில் அவர் பந்தை அடிக்கும் முறை பெரிதாக மாறவில்லை. செர்வ் முன்பைவிட மோசமானது. ஆனாலும் அவருக்குச் சற்றும் ஒத்துவராத களிமண் தரையிலேயே, பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில், இரண்டு பட்டங்களை வென்றார். மாறியது, பந்துக்கு அவர் போய்ச் சேர்ந்த விதமும் அங்கிருந்து திரும்பி வந்த விதமும்தான்.

பாரிஸ் மட்டும் பாக்கி

2004 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் 17 வயது ஷரபோவா, செரீனா வில்லியம்ஸை 6-1, 6-4 என்று வென்றார். 2006-இல் ஜஸ்டின் ஹெனினை வென்று யு.எஸ். ஓபன். 2008 ஜனவரியில் அனா இவானோவிச்சை வென்று ஆஸ்திரேலிய ஓபன். 21 வயது நிறைவதற்குள் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய பட்டங்களில் மூன்று கைக்கு வந்துவிட்டன.

அவர் ஆட்டம் எளிமையானது, முரட்டுத்தனமானது. உயரம் 188 செ.மீ. மைதானத்தின் பின்கோடான பேஸ்லைனை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே தட்டையாகவும் பலமாகவும் அடிப்பார். இரண்டு மூன்று அடிகளில் பாயின்ட் முடிந்துவிடும். புல்தரையிலும் ஹார்டு கோர்ட்டிலும் இது செல்லுபடியானது. பந்து வேகமாகப் போய்விடுவதால் எதிராளிக்குத் திருப்பி அடிக்க நேரம் இல்லை. திரும்பி வராத பந்துக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

பாரிஸில் அவர் ஒன்றும் படுமோசமாக ஆடிவிடவில்லை, இதையும் சொல்லியாக வேண்டும். 2004, 2005 இரண்டு ஆண்டும் காலிறுதி. 2007-இல் அரையிறுதி. அந்த அளவு அடிக்கும் திறமை இருந்தால் எந்தத் தரையிலும் நாலைந்து சுற்று தாண்டிவிடலாம். ஆனால் சிக்கல் எங்கே என்பதை அந்த 2007 அரையிறுதி காட்டியது. இவானோவிச் 6-2, 6-1 என்று அவரை வீழ்த்தினார். ஏழே மாதம் கழித்து மெல்பர்ன் ஹார்டு கோர்ட்டில் அதே இவானோவிச்சை ஷரபோவா நேர் செட்களில் வென்றார். அதே இரண்டு பேர், அதே ராக்கெட்டுகள், தரை மட்டும் வேறு.

களிமண் தரையில் தான் நகர்வதைப் பற்றி 2007-இல் ஷரபோவா சொன்னது பிரபலம்: பனிக்கட்டி மேல் நிற்கும் மாடு மாதிரி இருக்கிறதாம். பத்திரிகைகள் அதைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதின. எனக்கு அதில் வேடிக்கையைவிட அவருடைய கூர்மைதான் தெரிகிறது. உலகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர், தோல்விக்கு ஃபோர்ஹேண்டையோ காற்றையோ காரணம் காட்டாமல், தன் கால்களைக் காட்டினார். நோய் எது என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

களிமண் தரை கால்களைக் கேட்பது என்ன

பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் காரோஸ் தரையில் மேலே பரப்பியிருப்பது செங்கல் தூள். ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல் அடுக்கு, அதற்கும் கீழே நிலக்கரி எரித்த கசடும் சரளையும். மேலிருக்கும் மெல்லிய தூள்தான் எல்லா வித்தியாசத்துக்கும் காரணம். பந்து விழும்போது தரை அதைப் பிடித்து இழுப்பதால் வேகம் குறைகிறது, எழும்பும் உயரம் கூடுகிறது. ஷூவோ அதே தூளில் வழுக்குகிறது.

உயரமான ஆட்டக்காரருக்கு உயரமாக எழும்பும் பந்து உண்மையில் வரம். தோளுயரத்துக்கு வரும் பந்தைக் குள்ளமானவர்கள் கஷ்டப்பட்டு அடிக்கும்போது, ஷரபோவாவுக்கு அது வசதியான உயரம். அப்படியானால் பிரச்சினை பந்தின் உயரத்தில் இல்லை. அவர் பந்துக்கு முன்னால் நிலையாக நிற்க முடிந்ததா என்பதில்தான் இருந்தது. தட்டையாக அடிப்பவருக்குத் தவறு செய்ய இடமே கிடையாது. உடல் ஒரு சாண் முன்பின் ஆனால் பந்து வலையில் போகும், இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே போகும். பந்து முன்னோக்கிச் சுழலும்படி டாப்ஸ்பின் போட்டு அடிப்பவர் கொஞ்சம் தடுமாறினாலும் சுழற்சி அவரைக் காப்பாற்றிவிடும்.

நிலையாக நிற்பதற்கு ஹார்டு கோர்ட்டில் ஒரு வழி உண்டு. ஓடி வந்து, கடைசி மூன்று நான்கு அடிகளைக் குட்டி குட்டியாக வைத்து வேகத்தைக் கொல்வது. ஷூ தரையைப் பற்றிக்கொள்வதால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். சிறு வயதிலேயே ஃபுளோரிடாவுக்குப் போய் ஹார்டு கோர்ட்டில் வளர்ந்தவருக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். களிமண்ணில் இதைச் செய்தால் ஒவ்வொரு குட்டி அடியும் கொஞ்சம் வழுக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க உடல் இன்னும் முன்னே போகும். ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கும் நெட்டையான உடலுக்கு இது இரட்டிப்புத் தொல்லை.

களிமண்ணுக்குரிய வழி சறுக்குவது. இதில் எல்லாமே நேரக் கணக்கு. பந்தை அடிப்பதற்கு முன்பே சறுக்கல் தொடங்க வேண்டும், முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும், ராக்கெட் பந்தைத் தொடும்போது சறுக்கல் முடிந்துகொண்டிருக்க வேண்டும். அப்போது ஓட்டத்தின் வேகம் தரையில் கரைந்து, உடல் ஒரு நொடித் துளி அசையாமல் நிற்கும். வெளிப்பக்கக் கால் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால், அதிலிருந்தே உதைத்துக்கொண்டு மைதானத்துக்குள் திரும்பலாம். சறுக்கத் தெரியாதவர் நேர்மாறாகச் செய்வார்: முதலில் அடிப்பார், அப்புறம் வழுக்குவார். அடித்த பிறகு வழுக்கும் ஒவ்வொரு அடி தூரமும் மைதானத்தைவிட்டு வெளியே போகும் தூரம். திரும்பி வர இரண்டு மூன்று அடிகள் கூடுதலாக எடுக்க வேண்டும். அதற்குள் பந்து மறுபக்கம் போய்விடும்.

ஷரபோவாவின் பழைய களிமண் ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் அவர் பந்தை எட்டிப் பிடித்தாரா என்றுதான் பார்ப்பார்கள். பெரும்பாலும் எட்டிப் பிடித்தார். ஆனால் அதற்கு அடுத்த பந்தைப் பாருங்கள். கால்களின் குறை அங்கேதான் வெளியே வரும். இடப்பக்கம் அகலமாக இழுக்கப்படும்போது சில வேளைகளில் ராக்கெட்டை இடது கைக்கு மாற்றி அடிப்பார். இடது கையிலும் அவருக்கு நல்ல பழக்கம் இருந்ததால் கூட்டம் கைதட்டும். எனக்கு அது, கால்கள் ஓர் அடி பிந்திவிட்டதைக் கை ஈடு செய்யும் காட்சியாகவே படும்.

தோள் போனது, கால் வந்தது

2008 அக்டோபரில் வலது தோளில் அறுவைச் சிகிச்சை. 2009-இல் திரும்பி வந்தபோது தரவரிசையில் 126-ஆவது இடம் வரை இறங்கியிருந்தார். தோளுக்குச் சுமை குறைய செர்வின் வீச்சைச் சுருக்கிப் பார்த்தார், அது சரிவரவில்லை, பழைய வீச்சுக்கே போனார். பழைய செர்வ் மட்டும் திரும்பவே இல்லை. இரண்டு செர்வும் தவறிப் பாயின்ட்டை இழக்கும் டபுள் ஃபால்ட்டுகள் கடைசிவரை அவரைத் துரத்தின.

இந்த ஆய்வுக்கு இதுதான் முக்கியமான இடம். செர்வ் பலமாக இருந்த காலத்தில் அவர் சீக்கிரம் முடித்துவிட்ட பாயின்ட்களெல்லாம் இப்போது நீண்ட ரேலிகளாக மாறின. ரேலி நீண்டால் கால் வேண்டும். 2009 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் டொமினிகா சிபுல்கோவாவிடம் 6-0, 6-2 என்று தோற்றதில், செர்வும் இல்லாமல் காலும் இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பது தெரிந்தது.

அங்கிருந்து மெல்ல ஏறினார். 2010-இல் ஸ்ட்ராஸ்பர்க் களிமண் பட்டம். அந்த ஆண்டுக் கடைசியில் தாமஸ் ஹாக்ஸ்டெட் கோச்சாக வந்தார். 2011-இல் ஜப்பானியரான யுடாகா நகமுரா உடற்பயிற்சியாளராகச் சேர்ந்து ஏழு ஆண்டுகள் கூடவே இருந்தார். 2011-இலேயே ரோம் பட்டமும் பிரெஞ்சு ஓபன் அரையிறுதியும் வந்தன. உடல் வலுவும், நகர்வும், அடித்த பிறகு நிலைக்குத் திரும்புவதும் மேம்பட்டதுதான் களிமண்ணில் தன்னை மாற்றியது என்று ஷரபோவா பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே உடல் வலு என்பது ஓடும் வேகம் இல்லை. அவர் ஒருபோதும் வேகமான ஆட்டக்காரராக ஆகவில்லை. தொடையும் இடுப்பும் வலுவானால் முழங்காலை மடக்கித் தாழ்வாக இருந்தபடியே நகரலாம், சறுக்கி நின்ற காலிலிருந்து உதைத்துக் கிளம்பலாம். வலு இல்லாத கால் சறுக்கலைத் தாங்காது, உடனே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தால் உதைக்க முடியாது. அதனால்தான் ஃபுட்வொர்க் பயிற்சியின் ஒரு பாதி மைதானத்துக்கு வெளியே நடக்கிறது.

மாறிய இன்னொன்று, கால்களுக்கு வேலையைக் குறைக்கும் விதமாக அடிக்கக் கற்றது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒற்றையர் மைதானத்தின் அகலம் 8.23 மீட்டர். பந்தை அடித்த பிறகு பலரும் பேஸ்லைனின் நடுக்குறிக்கு ஓடுவார்கள். சரியான இடம் அது இல்லை. எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். வலது மூலையிலிருந்து குறுக்காக அடித்தால், அந்த நடு இடம் நடுக்குறிக்கு வலப்பக்கமே இருக்கும்; கொஞ்ச தூரம் வந்தால் போதும். அதே மூலையிலிருந்து நேர்கோட்டில் அடித்தால் நடுக்குறியைத் தாண்டி இடப்பக்கம் வரை ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீட்டராவது வித்தியாசம். ஆக, நிலை தடுமாறி அடிக்கும்போது குறுக்கே ஆழமாக அடிப்பதும், நிலையாக நின்றால் மட்டும் நேர்கோட்டில் அடிப்பதும் கால்களைக் காப்பாற்றும் முடிவுகள். ஃபுட்வொர்க் என்பதில் எங்கே அடிக்கிறோம் என்பதும் அடக்கம்.

2012, 2014

2012-இல் ஸ்டுட்கார்ட் களிமண் போட்டியின் இறுதியில் விக்டோரியா அசரென்காவை 6-1, 6-4 என்று வென்றார். ரோம் இறுதியில் லி நாவிடம் முதல் செட்டை இழந்து இரண்டாவது செட்டில் 0-4 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு மூன்றாவது செட் டை பிரேக்கரில் வென்றார். பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் பெட்ரா க்விடோவாவை 6-3, 6-3 என்றும், இறுதியில் சாரா எரானியை 6-3, 6-2 என்றும் வீழ்த்தினார். நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற பத்தாவது பெண் ஆனார். முதலிடமும் திரும்பக் கிடைத்தது.

ஆனால் கால்களைப் பற்றிப் பேச எனக்கு 2014 போட்டிதான் பிடிக்கும். நான்காவது சுற்றில் சமந்தா ஸ்டோசரிடம் முதல் செட்டை இழந்தார், கடைசி செட்டை 6-0 என்று எடுத்தார். காலிறுதியில் கார்பினே முகுருசாவிடம் முதல் செட்டை 1-6 என்று இழந்தார், கடைசி செட் 6-1. அரையிறுதியில் யூஜெனி பூஷாரிடம் முதல் செட் 4-6, கடைசி செட் 6-2. தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் பின்னாலிருந்து வந்தவை. மூன்றிலும் கடைசி செட்தான் மிக எளிதாக அமைந்தது. ஆட்டம் நீள நீள எதிராளியின் கால்கள் முதலில் சோர்ந்தன. 2007-இன் ஷரபோவா ரசிகர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இறுதியில் சிமோனா ஹாலெப். உயரம் 168 செ.மீ.; மகளிர் டென்னிஸில் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த கால்கள் அவருடையவை என்பேன். 3 மணி 2 நிமிடம் நடந்தது. 2001-க்குப் பிறகு மூன்று செட்டுக்குப் போன முதல் பிரெஞ்சு ஓபன் மகளிர் இறுதி அதுதான். ஷரபோவா 12 டபுள் ஃபால்ட் போட்டார். 12 பாயின்ட்களைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, உலகின் சிறந்த ஓட்டக்காரியோடு மூன்று மணி நேரம் களிமண்ணில் ஓடி, 6-4, 6-7, 6-4 என்று வென்றார். முன்பு செர்வ் சுமந்த பாரத்தை இப்போது கால்கள் சுமந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆட்டம் எனக்குத் தெரியாது.

மொத்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். அவர் வென்ற 36 பட்டங்களில் 11 களிமண்ணில் வந்தவை. அந்த 11-இல் 10, தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. அறுவைக்கு முன் மூன்று கிராண்ட் ஸ்லாம், மூன்றும் மற்ற தரைகளில். அறுவைக்குப் பின் இரண்டு, இரண்டும் பாரிஸில்.

மறுத்துச் சொல்லக்கூடியவை

கால்களுக்கு இவ்வளவு பெருமை தரலாமா என்று கேட்டால், மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, போட்டியாளர்கள். களிமண் ராணியாக இருந்த ஹெனின் 2011-லேயே விலகிவிட்டார். பாரிஸில் 2012-இல் செரீனா முதல் சுற்றிலும், 2014-இல் இரண்டாம் சுற்றிலும் வெளியேறினார். 2013 பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்தில் செரீனாவைச் சந்தித்தபோது ஷரபோவா 6-4, 6-4 என்று தோற்றார். 2004-க்குப் பிறகு அவரை ஷரபோவா ஒரு முறைகூட வென்றதில்லை. திருந்திய கால்களாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை இருந்தது உண்மை.

இரண்டு, தரையே அவருக்குச் சாதகமானது என்ற வாதம். மெதுவான தரை, பெரிய வீச்சு உள்ளவருக்கு ராக்கெட்டைப் பின்னிழுக்க நேரம் தருகிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாதகம் 2004-லிருந்தே இருந்ததே. பந்துக்குப் பின்னால் நேரத்தோடு போய் நிற்கத் தெரிந்த பிறகுதான் அதை அவரால் எடுத்துக்கொள்ள முடிந்தது.

மூன்றாவது, மெல்டோனியம் என்ற மருந்து. 2016 ஆஸ்திரேலிய ஓபனில் எடுத்த சோதனையில் அது கண்டறியப்பட்டு, இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பிறகு மேல்முறையீட்டில் அது 15 மாதமாகக் குறைந்தது. அந்த மருந்து தடைப்பட்டியலில் சேர்ந்தது 2016 ஜனவரி 1-இல்தான். தான் 2006-லிருந்தே அதை எடுத்துவந்ததாக அவர் சொன்னார். மூன்றாவது செட்களில் அவர் காட்டிய தாங்குதிறனைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அது எவ்வளவு உதவியது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்ன ஆண்டுக் கணக்கின்படி 2007-இலும் அவர் அதை எடுத்துக்கொண்டுதான் இருந்தார், சறுக்கத் தெரியாமல்தான் இருந்தார்.

நம் மைதானத்தில்

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஹார்டு கோர்ட்டில் ஆடுபவர்களாக இருப்பார்கள். தயவுசெய்து அங்கே சறுக்கிப் பார்க்காதீர்கள். ஜோகோவிச் சறுக்குகிறார் என்பது வாஸ்தவம், ஆனால் அந்தக் கணுக்கால்களும் இடுப்பும் சிறு வயதிலிருந்து உருவானவை. ஷரபோவாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: எப்போது கிளம்புவது, எப்போது நிற்பது, எங்கே திரும்புவது.

கிளம்புவதற்கு ஸ்பிளிட் ஸ்டெப். எதிராளி பந்தை அடிக்கப் போகும் தருணத்தில் சின்னதாக ஒரு துள்ளல். அவர் அடித்து, பந்து எந்தப் பக்கம் என்று கண்ணுக்குப் புரியும் நேரத்தில் கால்கள் தரையைத் தொட வேண்டும். அப்போது தொடைத் தசைகள் இழுபட்டுத் தயாராக இருக்கும், அதே அழுத்தத்தில் எந்தப் பக்கமும் பாயலாம். நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு காலையும் ஒன்றாகக்கூட இறக்குவதில்லை. வலப்பக்கம் போக வேண்டுமானால் இடது கால் ஒரு நொடித் துளி முன்னதாக இறங்கி உதைக்கும். சீக்கிரம் துள்ளினால் அந்த விசை வீணாகிவிடும். பிந்தித் துள்ளினால் பந்து போய்விடும். பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் துள்ளாமல் இருப்பது இல்லை, ஒரே தாளத்தில் துள்ளிக்கொண்டே இருப்பது. எதிராளியின் ராக்கெட்டோடு சேராத துள்ளலால் ஒரு பயனும் இல்லை.

நிற்பதற்கு, ஹார்டு கோர்ட்டில் அந்தக் குட்டி அடிகள்தான். முதல் இரண்டு அடி பெரிதாக, கடைசி அடிகள் சின்னதாக. சோம்பேறிக் கால்கள் நேர்மாறாகச் செய்யும்: தொடக்கத்தில் தயங்கி, கடைசியில் ஒரே எட்டாக எட்டி அடிக்கும். அந்த எட்டில் ஃபோர்ஹேண்ட் கெட்டுப்போகும், பெற்றோரும் கோச்சும் ஃபோர்ஹேண்டைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். ராக்கெட் பிடியை மாற்றி, வீச்சை மாற்றி, மாதங்கள் போகும். மைதானத்தில் நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான்.

சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி இருக்கிறது. பேஸ்லைனுக்குப் பின்னால் வேலியில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பேசியைக் கட்டி, ஒரு முழு செட்டையும் படம் எடுங்கள். பயிற்சியை எடுக்க வேண்டாம், பாயின்ட் எண்ணி ஆடும் ஆட்டமாகவே இருக்கட்டும். தோற்கப் பயப்படும்போதுதான் கால்கள் தங்கள் உண்மையான பழக்கத்துக்குத் திரும்பும். பிறகு மெதுவாக ஓடவிட்டு, பந்தைப் பார்க்காமல் ஷூவை மட்டும் பாருங்கள். எதிராளி அடிக்கும்போது உங்கள் கால்கள் எங்கே இருந்தன? நீங்கள் அடிக்கும்போது தலை அசையாமல் இருந்ததா, பந்து போன பிறகும் உடல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்ததா? அடித்து முடித்ததும் முதல் அடி எந்தப் பக்கம் விழுந்தது, அல்லது அடித்த பந்தை ரசித்துக்கொண்டு அங்கேயே நின்றீர்களா? தவறவிட்ட பாயின்ட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக, கால் பிந்தியதா இல்லை கை பிசகியதா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த செட்டின் கடைசி நான்கு கேம்களைத் தனியாக எழுதுங்கள். களைத்த கால்களின் கணக்கு அங்கே வேறாக இருக்கும்.